பாதித் திரையில் பழைய மலர், மீதித் திரையில் கட்டுரை

கேள்வி: "எங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலருக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதற்குத் தேவையான பழைய மலர் ஒன்று நூலகம் இணையத்தளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைத்தது. அதிலிருந்து பல பந்திகளை அப்படியே எடுத்துப் போட வேண்டும். பேரன் போன் திரையை இரண்டாகப் பிரித்து, மேலே மலரையும் கீழே எழுதும் பக்கத்தையும் வைத்துக் காட்டினான். அவன் கையில் இருக்கும்வரை நன்றாக இருந்தது. நான் எழுதத் தொடங்கியதும் விசைப்பலகை வந்து மூடுகிறது. மேலே உள்ள எழுத்து எறும்பு ஊர்வது மாதிரித் தெரிகிறது. நடுவில் கனடாவிலிருந்து மகள் அழைத்தால் எல்லாம் போய்விடுகிறது. போன் சாம்சங் ஏ வரிசை, நாலு ஜிபி ரேம். கணினி வாங்கும் எண்ணம் இல்லை. என்ன செய்யலாம்?"
ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

ஐயா, பேரன் காட்டித் தந்ததில் பிழை இல்லை. அவன் காட்டினான், எழுதிப் பார்க்கவில்லை. எழுதத் தொடங்கும்போதுதான் இந்த வசதியின் குறை தெரியவரும்.

வீட்டில் அடிமட்டம் இருந்தால் எடுத்து உங்கள் போனை ஒருமுறை அளந்து பாருங்கள். ஆறரை அங்குலம் என்று விற்கும் போன்களின் திரை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரம், ஏழுக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதைக் குறுக்கே இரண்டாக்கினால் ஒவ்வொரு பாதியும் ஏழரைக்கு ஏழு, கிட்டத்தட்ட ஒரு சதுரம். போனைச் சரித்துப் பிடித்தால் இடம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது, அப்போதும் அதே சதுரம்தான் பக்கம் பக்கமாக நிற்கும். விசைப்பலகைக்கு மட்டும் ஐந்து, ஐந்தரை சென்ரிமீற்றர் போய்விடும். நிமிர்த்திப் பிடித்தால் அது ஒரு பாதியை விழுங்கும். சரித்துப் பிடித்தால் இரண்டு பாதியிலும் மேலே ஒரு கீற்றை மட்டும் விட்டுவைக்கும். ஆகவே சரித்துப் பிடிக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

எழுத்து எறும்பாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். அது ஏழு சென்ரிமீற்றருக்குள் வரும்போது மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. பன்னிரண்டு புள்ளி எழுத்து நாலு புள்ளியாகிவிடும். அதைக் கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாது.

இதற்கு நான் சொல்லும் வழி சின்னது, ஆனால் பாதித் தலையிடியைத் தீர்க்கும். முழு பி.டி.எஃப். ஐயும் மேல் பாதியில் திறந்து வைக்காதீர்கள். ஸ்கான் செய்த நூலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். நூறு பக்க மலர் என்றால் நூறு படம். நாலு ஜிபி ரேம் உள்ள போனில் அதையும் எழுதும் செயலியையும் ஒன்றாக நிறுத்தினால், போன் மூச்சு வாங்கி ஏதாவது ஒன்றைப் பின்னால் மூடிவிடும். திரும்பி வரும்போது நூல் முதலாம் பக்கத்தில் நிற்கும். அதற்குப் பதில், தேவையான பந்தி திரை நிறையத் தெரியும்படி இரண்டு விரலால் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். ஓரங்களை வெட்டி, அந்தப் பந்தி மட்டும் இருக்கும் படமாகச் சேமியுங்கள். பத்துப் பந்தி வேண்டுமென்றால் பத்துப் படம். பிறகு மேல் பாதியில் கலரியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகலாம். எழுத்தும் பெரிது, போனுக்கும் பாரமில்லை.

திரையைப் பிரிக்கும் முறையை ஒருமுறை எழுதித் தருகிறேன், பேரன் இல்லாத நேரத்துக்கு உதவும். முதலில் கலரியில் படத்தைத் திறவுங்கள். பிறகு எழுதும் செயலியை, கூகிள் டொக்ஸ் என்று வைத்துக்கொள்வோம், அதையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். திரையின் அடியில் மூன்று கோடு போட்ட பொத்தானைத் தட்டினால் திறந்திருப்பவை எல்லாம் அட்டை அட்டையாக வரும். கலரி அட்டையைத் தட்டாதீர்கள். அதன் தலையில் இருக்கும் சின்ன வட்டச் சின்னத்தைத் தட்டுங்கள். சின்னதாக ஒரு பட்டியல் விழும். அதில் 'ஓப்பன் இன் ஸ்பிளிட் ஸ்கிரீன் வியூ' என்பதைத் தெரிந்து, அடுத்து டொக்ஸைத் தட்டினால் கலரி மேலே, டொக்ஸ் கீழே. நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து இழுத்து இடத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சரி, விசைப்பலகைக்கு வருவோம். எழுதும் செயலி கீழே இருந்தால், பல போன்களில் விசைப்பலகை எழும்பும்போது அந்தச் செயலி மேலே தள்ளப்பட்டு மலரை மறைக்கும். எழுதும் செயலியை மேலே மாற்றினால் விசைப்பலகை நேரே மலரின் மேல் உட்காரும். எப்படி மாற்றினாலும் நட்டம் உங்களுக்குத்தான். மிதக்கும் விசைப்பலகை இதற்கு ஒரு தீர்வு. கூகிளின் விசைப்பலகையான ஜிபோர்டில் நாலு சதுரம் போட்ட சின்னத்தைத் தட்டினால் 'ஃபுளோட்டிங்' என்று ஒன்று வரும். சாம்சங் விசைப்பலகையிலும் மேல் பட்டையில் உள்ள மூன்று புள்ளிக்குள் அது இருக்கிறது. விசைப்பலகை சின்னப் பெட்டியாகி, இழுத்த இடத்தில் நிற்கும். திரையை யாரும் தள்ளமாட்டார்கள். ஆனால் விசைகளும் சிறுத்துவிடும். தமிழ் எழுத்து நெருக்கமாக நிற்கும் பலகையில் அது இருபது வயது விரலுக்குச் சரி. எழுபது வயது விரலுக்கு நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் முதலில் முயல வேண்டியது வேறொன்று. மேலே சொன்ன அதே பட்டியலில் 'ஓப்பன் இன் பொப்-அப் வியூ' என்று இன்னொரு வரி இருக்கும். கலரியை அப்படித் திறந்தால் மலர்ப் பந்தி ஒரு சின்ன சாளரமாக மிதக்கும். டொக்ஸ் முழுத் திரையிலும், விசைப்பலகை வழக்கமான அளவிலும் இருக்கும். மிதக்கும் சாளரத்தை மூலையில் பிடித்துச் சுருக்கி, தலையில் பிடித்து இழுத்துத் திரையின் உச்சியில் வைத்துவிடுங்கள். மேலே மூன்று நாலு வரி மலர், நடுவில் நீங்கள் எழுதும் இரண்டு மூன்று வரி, அடியில் முழு விசைப்பலகை. பாடசாலையில் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது போலத்தான். ஒரே தடவையில் ஒரு பந்தி முழுவதும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாவிட்டால் வேலை ஓடும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏன் தட்டச்சுச் செய்ய வேண்டும்?

அச்சில் உள்ள தமிழைக் கூகிள் லென்ஸ் வாசிக்கும். வெட்டி வைத்த அந்தப் பந்திப் படத்தைக் கூகிள் போட்டோஸில் திறந்து, அடியில் உள்ள லென்ஸ் சின்னத்தைத் தட்டி, எழுத்தைத் தெரிவு செய்து 'கொப்பி' கொடுத்தால், டொக்ஸில் ஒட்டலாம். ஒரு பந்திக்கு அரை நிமிடம் போதும். ஆனால் மலர் எந்தக் காலத்தது என்று சொல்லவில்லை நீங்கள். பழைய எழுத்தில் அச்சானது என்றால், 'லை'யும் 'னை'யும் முன்னால் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த எழுத்தில், லென்ஸ் தடுமாறும். 'றா', 'னா' சுழித்து எழுதிய இடங்களிலும் அப்படித்தான். கறை படிந்த பக்கத்தில் புள்ளிகளைத் தின்றுவிடும். ஆகவே லென்ஸ் தருவதை அப்படியே மலர்க்குழுவிடம் கொடுத்தால் உங்கள் பெயர்தான் கெடும். ஒப்பு நோக்கித் திருத்த வேண்டும்.

பேரன் காட்டிய பிரித்த திரை உண்மையில் உதவுவது இந்தத் திருத்தத்துக்குத்தான். மேல் பாதியில் மூலம், கீழ்ப் பாதியில் லென்ஸ் எடுத்துத் தந்த எழுத்து. விசைப்பலகை வேண்டாம், இரண்டையும் தள்ளித் தள்ளி வரிக்கு வரி பார்த்துக்கொண்டு போகலாம். பிழை கண்ட இடத்தில் மட்டும் தட்ட, விசைப்பலகை எழும்பும். திருத்திவிட்டுப் பின் பொத்தானை ஒருமுறை தட்டினால் அது இறங்கிவிடும், பிரித்த திரை அப்படியே நிற்கும். மாணவர் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துத் திருத்திய உங்களுக்கு இது புதிய வேலை இல்லை. போன் அளவுத் திரையில், ஒரு பாதியாவது வெறுமனே பார்ப்பதற்கு இருந்தால்தான் பிரிப்பதில் பயன் என்பது என் அபிப்பிராயம். இரண்டிலும் எழுத வேண்டிய வேலைக்கு முழுத் திரையில் மாறி மாறிப் போவதே சுகம்.

லென்ஸ் ஒத்துவராத பக்கங்களுக்கு வாய்விட்டு வாசியுங்கள். ஜிபோர்டின் மைக் சின்னத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என்று தனித்தனி மொழித் தெரிவு உண்டு. இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். நாங்கள் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் அது திணறும். நீங்கள் வாசிக்கப்போவது எழுத்துத் தமிழ், அதுவும் வகுப்பறையில் பழகிய குரல், நன்றாகவே பிடிக்கும். ஊர்ப் பெயர், ஆட்பெயர், 'உபயகாரர்' போன்ற சொற்களைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள். நிறுத்தக்குறிகளை நீங்கள்தான் போட வேண்டிவரும். இணையத் தொடர்பும் வேண்டும்.

மகளின் அழைப்பு பற்றி. பிரித்த திரை போய்விடுவதில்லை ஐயா, பின்னால் நிற்கிறது. கதைத்து முடித்ததும் அந்த மூன்று கோட்டுப் பொத்தானைத் தட்டுங்கள். புதிய பதிப்புகளில் கலரியும் டொக்ஸும் ஒரே அட்டையில் சோடியாகத் தெரியும், அதைத் தட்டினால் விட்ட இடம். டொக்ஸ் தானாகச் சேமிப்பதால் எழுதியது போகாது. வீடியோ அழைப்பு நீண்டுவிட்டால், ரேம் குறைந்த போனில் சோடி பிரிந்திருக்கவும் கூடும். அதற்காக, பிரித்த திரையின் நடுக்கோட்டில் உள்ள புள்ளிகளைத் தட்டி, வரும் நட்சத்திரம் அல்லது கூட்டல் சின்னத்தால் இந்தச் சோடியை முகப்புத் திரையில் ஒரு சின்னமாகப் பதிந்து வையுங்கள். பிறகு ஒரே தட்டில் இரண்டும் திறக்கும். பேரனிடம் கேட்க வேண்டிய உதவி இது ஒன்றுதான்.

வேறு போன் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒப்போ, ரியல்மீ போன்களில் பெரும்பாலும் மூன்று விரலால் திரையை மேல்நோக்கித் தேய்த்தால் பிரியும். ரெட்மியில் அட்டையை அழுத்திப் பிடித்தால் பிரிக்கும் சின்னம் வரும். 'கோ எடிஷன்' என்று வரும் மலிவு போன்களில் இந்த வசதியையே பொதுவாக எடுத்துவிட்டிருப்பார்கள், தேடிக் களைக்க வேண்டாம். ஐபோனில் திரை பிரிப்பது கிடையாது. ஐபாடில் 2015இலிருந்து இருக்கிறது. ஐபோனில் 2020இல் வீடியோவை மட்டும் மிதக்கவிடும் வசதி வந்தது. சாம்சங் 2012இலேயே நோட் 2 போனில் திரை பிரிக்கும் வசதியைக் கொடுத்திருந்தது. அன்ட்ரொய்டில் எல்லோருக்குமாக 2016இல், ஏழாம் பதிப்பில்தான் வந்தது. பத்தாம் பதிப்புக்கு முந்திய போன் என்றால் இரண்டு பாதியில் தொட்ட பாதிதான் முழு உயிரோடு இருக்கும், மற்றதில் வீடியோ நின்றுவிடலாம். சூமில் ரியூசன் வகுப்பும் கீழே பாஸ்ட் பேப்பருமாக வைக்கும் பிள்ளைகள் இதைத்தான் போன் பழுது என்று கடைக்குக் கொண்டு வருகிறார்கள்.

வங்கிச் செயலிகள் சில பிரிந்த திரைக்குள் வரவே மாட்டா. 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' என்ற மறைவான அமைப்புகளைத் திறந்து எல்லாச் செயலிகளையும் பிரிந்த திரைக்குள் வரக் கட்டாயப்படுத்தலாம் என்று யாராவது சொல்லித் தந்தால் செய்யாதீர்கள். மலர் எழுத அது தேவையில்லை.

பற்றரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணித்தியாலம் திரை எரிய உட்கார்ந்து திருத்தினால் போன் சூடாகும், சார்ஜும் இறங்கும். திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, பகலில் விறாந்தையில் இருந்து செய்யுங்கள். பந்திப் படங்களை வெட்டி முடித்ததும், தரவிறக்கிய பெரிய பி.டி.எஃப். ஐ அழித்துவிடாதீர்கள். மலர்க்குழுவில் யாராவது ஒருவர் "இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கட்டாயம் கேட்பார். வெட்டும்போதே ஒவ்வொரு படத்துக்கும் பக்க எண்ணைப் பெயராக வைத்தால் இன்னும் நல்லது.