எம்.இ. ஸ்ட்ரக்சுரல்: உடனே சேர்க்க வேண்டுமா?

உங்கள் மகள் பி.இ. சிவில் கடைசி ஆண்டில் இருக்கிறார். எம்.இ. ஸ்ட்ரக்சுரலில், அதாவது கட்டமைப்புப் பொறியியல் முதுநிலைப் படிப்பில், சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அவர் எந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சைட் வேலைக்கு எம்.இ. வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கும் பி.இ. போதும். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் எம்.இ. கட்டாயம்.

கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு வரைபடம் தரும் டிசைன் ஆபீஸ் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஈடேப்ஸ் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பத்து மாடிக் கட்டடத்தை மாடல் செய்ய சில மாதப் பயிற்சி போதும். ஆனால் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற நிலநடுக்கக் கணக்கு முறையில் கிடைத்த பேஸ் ஷியர் (கட்டடத்தின் அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை), நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் சூத்திரப்படி வருவதைவிடக் குறைந்தால் அதை உயர்த்தியாக வேண்டும். கணக்கில் எடுத்துக்கொண்ட மோடுகளில் (கட்டடம் அதிரும் வடிவங்களில்) மொத்த நிறையில் 90 சதவீதமாவது சேர்ந்திருக்க வேண்டும். இது ஏன் என்று புரியாதவர், மென்பொருள் தந்த எண்ணை நம்பித் தூணுக்குக் கம்பியைக் குறைத்துவிடுவார். பி.இ.யில் அவசரமாக ஓடிவிடும் டைனமிக்ஸ் என்ற அதிர்வுப் பாடம், எம்.இ.யில்தான் கையால் கணக்குப் போட்டுப் பிடிபடும். உயரக் கட்டடம், பாலம் பக்கம் போக நினைப்பவருக்கு அந்த இரண்டு ஆண்டு வீண் போகாது. மூன்று மாடி வீடுகள்தான் என்றால், கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456-ஐயும், நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் விதிகளைச் சொல்லும் ஐ.எஸ். 13920-ஐயும் வரி வரியாகப் படித்து, நல்ல மூத்த பொறியாளரிடம் வேலை பழகினாலே போதும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராகப் பதிவு செய்வதற்காக மட்டும் படிக்க வைக்காதீர்கள். அந்தத் தகுதிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு பி.இ.க்கு 3 ஆண்டு அனுபவம் கேட்கிறது, எம்.இ. ஸ்ட்ரக்சுரலுக்கு 2. இரண்டு ஆண்டு படித்து ஓர் ஆண்டுதான் மிச்சம்.

எம்.இ. சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வை எழுதாமல் கைக்காசு கட்டிச் சேர்ப்பதுதான் எனக்குக் கவலை. கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகரித்த கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். அதனால் இந்த ஆண்டே எழுதட்டும். இரண்டு ஆண்டு டிசைன் ஆபீசில் இருக்கட்டும். ஆரம்பத்தில் கம்பி அட்டவணை போடுவதும் வரைபடம் சரிபார்ப்பதுமாகத்தான் இருக்கும். உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் 25 மி.மீ. கம்பிகள் நெருக்கியடித்தால் கான்கிரீட் உள்ளே இறங்காது என்பதெல்லாம் அங்கேதான் உறைக்கும். அதன் பிறகு அதே மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கடந்த இரண்டு ஆண்டு எம்.இ. ப்ராஜெக்ட் தலைப்புகளை வாங்கிப் பாருங்கள். எல்லாமே சிமென்ட்டுக்குப் பதில் சாம்பல், மணலுக்குப் பதில் வேறு தூள் என்று கான்கிரீட் கியூப் உடைத்துப் பார்த்த வேலையாக இருந்தால், டிசைன் ஆபீஸ் நேர்காணலில் அதை வைத்துப் பேச அதிகம் இருக்காது. வேறு கல்லூரி பாருங்கள்.