ஆறுதல் சொல்லப் போன என்னையே வராதீங்கன்னுட்டாங்க

ஸ்தோத்திரம் சிஸ்டர். பினாங்கு ஜெலுத்தோங்ல இருந்து எழுதுறேன், வயசு 49. மூணு வருஷத்துக்கு முன்னாடி என் மூத்த பையன் மோட்டார் ஆக்சிடென்ட்ல போயிட்டான், 20 வயசு. அதுல இருந்து சர்ச்ல யார் வீட்ல சாவுன்னாலும் மொத ஆளா போய் நிக்கிறது நான்தான். பாஸ்டரும் 2 கொரிந்தியர் 1:4 காட்டி, உங்க சாட்சி நாலு பேருக்கு பிரயோஜனமா இருக்கும்னு சொன்னாரு, நானும் புக்கிட் மெர்த்தாஜம் வரைக்கும் போய் சொல்லியிருக்கேன்.

போன மாசம் பட்டர்வொர்த்ல ஒரு சிஸ்டரோட பொண்ணு கேன்சர்ல இறந்துட்டா. நாலு தடவ இடியாப்பம் அவிச்சு எடுத்துக்கிட்டு ஃபெரி ஏறிப் போனேன், என் பையன் கதைய சொல்லி தைரியம் சொன்னேன். நாலாவது தடவ மூஞ்சிக்கு நேரா “அக்கா, கொஞ்ச நாளைக்கு வராதீங்க”ன்னுட்டாங்க. டெய்லி வாட்சப்ல வசனம் அனுப்புறேன், ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. நானும் பிள்ளைய பறிகொடுத்தவதானே, எனக்கு தெரியாதா அந்த வலி? பாஸ்டரம்மாவும் அவங்க பக்கம்தான். லேடிஸ் மீட்டிங் சாட்சிக்கு வேற ஆள கூப்பிட்டாச்சு. நாலு தடவ போனேன் சிஸ்டர், வெறுங்கையோட போகல. வீட்லயும் என் ஊழியம் யாருக்கும் புரியல, என் பொண்ணு ஃபார்ம் ஃபைவ், 17 வயசு, நான் சாட்சி சொல்ற ஞாயிறு பாத்து அவளுக்கு வயித்து வலி வந்துடும், ஆக்சிடென்ட் அன்னிக்கு அவ கேட்டான்னு மீ கோரெங் நூடுல்ஸ் தாப்பாவ் பண்ணி வாங்கிட்டு வரத்தான் அண்ணன் கெளம்பினான், தங்கச்சி மேல அவ்ளோ பாசம்னு நான் சாட்சில சொல்றது அவளுக்கு பெருமைதானே, சரி அத விடுங்க. அந்த சிஸ்டர் செஞ்சது சரியா?

பதில்:

அத விட முடியாதும்மா. உங்க லெட்டர எத்தனை தடவ படிச்சாலும் அந்த மீ கோரெங்ல வந்துதான் நிக்கிறேன்.

மூணு வருஷமா நீங்க சொல்ற கதை உங்க பொண்ணோட பசியில இருந்துதான் ஆரம்பிக்குது. உங்களுக்கு அது பாசம். கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற புள்ளைக்கு? நான் கேக்காம இருந்திருந்தா அண்ணன் உயிரோட இருந்திருப்பான்னு 14 வயசுல மனசுக்குள்ள முடிவு கட்டியிருப்பா, அத நீங்க மைக் புடிச்சு உறுதிப்படுத்திட்டு வரீங்க. வயித்து வலிய நடிப்புன்னு நினைக்காதீங்க, சொல்ல முடியாத பாரம் வயித்துல வந்து வலிக்கிறது நாங்க அடிக்கடி பாக்குறதுதான்.

அந்த வசனத்த இன்னொரு தடவ நிதானமா படிங்க. தனக்கு தேவன்கிட்ட கிடைச்ச ஆறுதலால மத்தவங்கள ஆறுதல்படுத்துறத பத்திதான் பவுல் பேசுறார். எட்டாம் வசனத்துல, ஆசியாவுல பிழைப்போம்ங்கிற நம்பிக்கையே அத்துப்போச்சுன்னு ஒத்துக்குறார், ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னு விவரமே சொல்லல பாருங்க. உங்க லெட்டர்ல பையன் சாவு இருக்கு, ஊழியம் இருக்கு, நீங்க அழுததா ஒரு வரி இல்ல. உங்களுக்கு யாராவது ஆறுதல் சொன்னாங்களாம்மா? துக்கத்த ஊழியத்துக்குள்ள ஒளிச்சு வச்சுட்டீங்களோன்னு எனக்கு தோணுது.

அந்த சிஸ்டர் செஞ்சது சரிதான், கோச்சுக்காதீங்க. அவங்க பொண்ணு செத்த வீட்ல நாலு தடவையும் உங்க பையன் கதைதான் ஓடியிருக்கு. பிள்ளைங்கள பறிகொடுத்த யோபுவோட சினேகிதங்க ஏழு நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாம தரையில உக்காந்தாங்க, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, வாயத் தொறந்தப்புறம்தான் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’னு, அதாவது ஆறுதல்ங்கிற பேர்ல தொந்தரவு பண்றவங்கன்னு, பேர் வாங்கினாங்க. இடியாப்பத்த கேட்ல மாட்டிட்டு வந்திருந்தாலே போதும். (டெய்லி வசனம் அனுப்புறதையும் நிறுத்துங்க.)

சாட்சி இப்போதைக்கு வேணாம், பாஸ்டரே கேட்டாலும். பொண்ணுகிட்ட போங்க. “அது உன்னால நடக்கல, அத நான் எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு”ன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு பக்கத்துல உக்காருங்க. கத்துவா, கேட்டுக்குங்க. சாப்பாடு தூக்கம் கெட்டிருந்தா ஸ்கூல் கவுன்சலிங் டீச்சரையோ டாக்டரையோ உடனே பாருங்க, எஸ்பிஎம் பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த மூணு வருஷத்துல அவ ஒரு தடவையாவது உங்ககிட்ட எதாச்சும் வாங்கிட்டு வாங்கன்னு கேட்டிருக்காளா?