பட்டறையை அடமானம் வைக்காதீங்க அண்ணா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு போன வாரம் மனைவி, மகளோடு என்னிடம் வந்தார். பாப்பா இரண்டு தடவை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மார்க் எட்டவில்லை. வெளிநாட்டில் டாக்டர் படிப்புக்குச் சேர்த்துவிடும் ஏஜென்ட் நம்பரையே மச்சான் கொடுத்துவிட்டாராம். "பட்டறையை வெச்சுப் பணம் பொரட்டிடலாங்க" என்றார்.

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அடமானம் என்றதும் நிறுத்திவிட்டேன். வேண்டாம் அண்ணா. சோறு போடுகிற பட்டறை. கடன் கட்டப்போவது மச்சான் இல்லை.

பாப்பாவிடம் லீவில் என்ன செய்வாய் என்று கேட்டேன். மேட்டூர் அம்மாச்சி வீடு, அணையில் பரிசல் ஓட்டி வலை போடும் மாமா, அங்கே விழும் கட்லா, ரோகு என்று பத்து நிமிஷம் விடாமல் பேசினாள். நீட் பேச்சில் தலையே நிமிராத பிள்ளை!

இன்ஜினியரிங், நர்சிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொன்னது பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல். நாலு வருஷப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்திருந்தால் போதும், அந்த மார்க்கை வைத்தே தரவரிசை, நீட் கிடையாது. நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரியில் கல்லூரிகள் உண்டு. தூத்துக்குடிக் கல்லூரி 1977-இலிருந்தே இருக்கிறது. ஊசி போட்டு மீனை முட்டையிட வைப்பது, குளத்துத் தண்ணீரைச் சோதிப்பது, மீன் நோய், தீவனம், பதப்படுத்துவது என்று எல்லாம் கையால் செய்து பழக வேண்டும். சேறு ஒட்டும், வாடை அடிக்கும்.

"மீன்காரியாக்கவா படிக்க வெச்சோம்?" என்றார் அம்மா.

நெத்திலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளிப் போடுவீங்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வங்கதேசத்தில் மோலா என்று விரல் நீள மீன் ஒன்று உண்டு. அதன் வைட்டமின் ஏ-யில் பெரும்பங்கு தலையிலும் குடலிலும்தான். அதை முழுசாகத் தின்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று காட்டி, கெண்டையோடு சேர்த்து வீட்டுக் குளத்திலேயே வளர்க்க வழி செய்த உணவுச் சத்து விஞ்ஞானி சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். பசிக்கும் சத்துக்குறைவுக்கும் டாக்டர் மட்டும்தான் மருந்து என்று யார் சொன்னது? 2022-இல் உலகத்தில் வளர்த்தெடுத்த மீன், இறால் வகையறா, பிடித்ததைவிட முதல்முறையாக அதிகமாகிவிட்டது. வளர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

படித்ததும் அரசு வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மீன்துறை ஆய்வாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம், ஆனால் வருஷா வருஷம் அறிவிப்பு வராது. மீன் குஞ்சுப் பொரிப்பகம், இறால் பண்ணை, தீவனக் கம்பெனி, ஏற்றுமதி ஆய்வகம் என்று முதலில் வெளியூரில்தான் காலூன்ற வேண்டியிருக்கும்.

"தூத்துக்குடி தூரமாச்சே" என்றார் அம்மா. பாப்பா போனை எடுத்து, சேலத்திலிருந்து ரயில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.