டெக் ஓபன் டே நடத்தப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கொழும்பில் சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கு நெட்வேர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளரையும், கருவி விற்கிற வெண்டரையும் ஒரே நாளில் அழைத்துக் கருவிகளைக் காட்டும் ஓபன் டேக்களுக்கும் நான்தான் லைன் இழுப்பேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே. கேட்டவரின் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை: முதல் தடவை நடத்துகிறோம். 150 வாடிக்கையாளர், 8 வெண்டர். ஹோட்டல் வைஃபை போதுமா அண்ணா?

போதாது தம்பி. 150 பேர் என்றால் போனும் லேப்டொப்புமாக 300 கருவி வரும். நெட்வேர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி (ஐபி இலக்கம்) வேண்டும், சாதாரணமாக அமைத்த ஒரு நெட்வேர்க்கில் 254 முகவரிதான் உண்டு. அது தீர்ந்ததும் அடுத்து வருபவருக்கு சிக்னல் முழுதாகக் காட்டும், இணைப்பு வராது. முகவரி வீச்சைப் பெருப்பிக்கச் சொல்லுங்கள். லீஸ் நேரத்தையும், அதாவது ஒரு கருவிக்கு முகவரியை ஒதுக்கி வைக்கும் நேரத்தையும், ஒரு மணித்தியாலமாகக் குறைக்கச் சொல்லுங்கள், போனவரின் முகவரி வந்தவருக்குக் கிடைக்கும்.

அப்புறம் வைஃபை ஓடும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் (வைஃபை செல்லும் பாதை) மூன்றுதான்: 1, 6, 11. எட்டு வெண்டரும் ஆளுக்கொரு ஹொட்ஸ்பொட்டைத் திறந்தால் யாருக்கும் ஒழுங்காக ஓடாது. டெமோ மேசை ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுங்கள். விருந்தினருக்கு வேறு நெட்வேர்க். பைபர் இணைப்பு ஒரு கம்பனியுடையது என்றால், அது விழுந்தால் பாவிக்கக் கைவசம் வைக்கும் 4ஜி வேறு கம்பனியுடையதாக இருக்கட்டும்.

தெஹிவளை: மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. யூபிஎஸ் (கரண்ட் போனதும் கைகொடுக்கிற பற்றரிப் பெட்டி) தேவையா?

தேவை. ஜெனரேட்டர் எழும்பச் சில விநாடி எடுக்கும். அந்த விநாடிகளில் சர்வர் விழுந்துவிடும். லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

எக்ஸ்டென்ஷன் விஷயத்திலும் கவனம். நம் 13 அம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 3 கிலோவாட் அளவுதான் எடுக்கலாம். ஒரு மண்டபத்தில் பிளேன் டீ போட வந்த பிள்ளை, எங்கள் நெட்வேர்க் ஸ்விட்சும் டெமோ சர்வரும் இருந்த எக்ஸ்டென்ஷனிலேயே கெட்டிலைச் சொருகிவிட்டார். பிரேக்கர் விழுந்தது. சர்வர் திரும்ப எழும்ப 11 நிமிடம். முன் வரிசையில் ஒரு வங்கி அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையில் பிழையில்லை. அந்தச் சொக்கெட்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டாதது என் பிழை. இப்போது முதல் வேலையே டேப் ஒட்டுவதுதான்.

பம்பலப்பிட்டி: எந்த நாள் நல்லது?

செவ்வாய், புதன், வியாழன். போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வருகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். வெள்ளி வைத்தால் மதியம் ஜும்மாவுக்குப் போகிறவர்களை இழப்பீர்கள், மரக்கறிச் சாப்பாடும் கூடுதலாக வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வரும். காலை 9 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை: வைஃபைக்கு எத்தனை ரவுட்டர் போடலாம்?

முதல் பதிலைப் பாருங்கள். டெமோவுக்குக் கேபிள்.

கொள்ளுப்பிட்டி: 60 பேர்தான். பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் எடுப்போமா?

அறுபது பேருக்கு உங்கள் அலுவலகமே போதும். உங்கள் சர்வர் அறையை நேரில் பார்த்த வாடிக்கையாளருக்கு உங்கள் மேல் வருகிற நம்பிக்கை எந்த மண்டபத்திலும் வராது.

ராஜகிரிய: நான் வெண்டர் பக்கம். ஸ்டோலுக்குக் காசு கட்டுகிறோம். வந்தவர்களின் பெயர், போன் இலக்கப் பட்டியலைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். நியாயமா?

நியாயம்தான். வாடிக்கையாளர் இலக்கம் தந்தது அழைத்த கம்பனிக்கு. உங்களுக்கு அல்ல.

ராஜகிரிய, மறுபடி: அப்போ நாங்கள் எதற்குக் காசு கட்டுகிறோம்? விசிட்டிங் கார்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கல் வைப்பது எல்லா இடமும் நடக்கிறதே.

நடக்கிறது, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். குலுக்கலுக்குப் போட்ட கார்ட் குலுக்கலுக்குத்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காக எடுத்தோம் என்று சொன்னோமோ அதற்கே தரவைப் பயன்படுத்த வேண்டும். விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம் என்றும் அதில் இருக்கிறது. நீங்கள் கட்டுகிற காசு, வாடிக்கையாளர் உங்கள் மேசைக்கு வந்து நிற்கும் பத்து நிமிடத்துக்கு.

தெமட்டகொடை: நான் அழைக்கிற பக்கம். பட்டியல் இல்லையென்றால் ஸ்பொன்சரே வரமாட்டார்கள் அண்ணா. ராஜகிரியக்காரர் சொல்வது சரி.

இல்லை தம்பி, வருவார்கள். பதிவுப் படிவத்தில் ஒவ்வொரு வெண்டருக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள், முன்கூட்டியே டிக் போடாமல். விரும்பியவர் தானே டிக் போடுவார். 150 பேரில் 20 பேர் போட்டாலும் அந்த 20 பேர் பேச விரும்பித்தான் போட்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு கம்பனி முழுப் பட்டியலையும் கொடுத்தது. அடுத்த கிழமை என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஐந்து வெண்டரிடமிருந்து அழைப்பு. அவர் திட்டியது வெண்டரை அல்ல, அழைத்த கம்பனியை. அடுத்த வருட அழைப்பிதழுக்கு அவரிடமிருந்து பதிலே வரவில்லை. பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

கல்கிசை: ஹோட்டல் வைஃபையிலேயே சமாளிக்கலாமா?

முடியாது. இதே கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன், முதல் பதிலை வாசியுங்கள்.

புறக்கோட்டை: எங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் மொத்தக் கடை முதலாளிகள். டெமோவைத் தமிழில் செய்ய வேண்டுமா?

கட்டாயம். ஸ்லைட் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழில் இருக்கட்டும். சிங்களத்திலும் ஒருவர் தயாராக நிற்கட்டும். மாதிரித் தரவுக்குப் பதிலாக நிஜமான பில் போடுங்கள்: பருப்பு 50 கிலோ மூட்டை, பாதி காசு, பாதி பின்திகதிச் செக். ஒருமுறை வயதான முதலாளி ஒருவர் பில்லிங் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். டெமோ செய்த பிள்ளை, "ஐயா, இது உங்கள் கடன் கொப்பிதான், கூட்டல் மட்டும் தானே போடும்" என்றார். முதலாளி சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டைக் கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்த ஆளின் கணக்கைப் போட்டுக் காட்டு மகன்" என்றார்.