கலஹாரிக்குப் பூனையோடு போகலாமா? ஏஜென்ட் விற்கும் பெர்மிட்டை வாங்காதீர்கள்

கேள்வி: நானும் என் கணவரும் டர்பன் சேட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். தைப்பூசக் காவடிக்குள் திரும்பிவிடுகிற மாதிரி ஜனவரியில் மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அப்பிங்டன் வழியாகக் கலஹாரி பாலைவனத்துக்கும் கலகாடி பூங்காவுக்கும் போகத் திட்டம். எட்டு வயதுப் பூனையை விட்டுப் போக மனமில்லை. மாகாணம் தாண்டப் பூனைக்கு பெர்மிட் வேண்டும், பூங்காவுக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும் என்று சொல்லி ஓர் ஏஜென்ட் பாதிப் பணம் வாங்கிவிட்டார். மீதியைக் கட்டலாமா? வெயில் பூனைக்குத் தாங்குமா?

பதில் (கால்நடை மருத்துவர்): அக்கா, மீதியைக் கட்டாதீர்கள். குவாசூலு-நட்டாலிலிருந்து வடக்கு கேப்புக்கு வீட்டுப் பூனையை வண்டியில் கூட்டிப் போக எந்த பெர்மிட்டும் வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசி அட்டை கையில் இருக்க வேண்டும், அதில் தேதி தாண்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். நம் மாகாணத்தில் அரசு கால்நடைப் பிரிவே முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. இதைத்தான் இந்த ஆட்கள் ‘டிராவல் பேக்கேஜ்’ என்று பெயர் வைத்துக் காசாக்குகிறார்கள். அலுவலகங்களில் போனை எடுத்து ஒரு வரி பதில் சொல்ல ஆளிருந்தால் இவர்களுக்குப் பிழைப்பே இருக்காது. எத்தனையோ வருடமாக இதைச் சொல்லி அலுத்துவிட்டது.

பூங்கா விஷயம் இன்னும் மோசம். கலகாடி, அகரபீஸ் எல்லாம் தேசியப் பூங்காக்கள். அங்கே வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி கிடையாது. வண்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருப்போம், வெளியே விடமாட்டோம் என்றாலும் கிடையாது. கலகாடியின் டுவீ ரிவிரன் வாசலில் அந்த ஏஜென்டின் முத்திரைத் தாளை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்பிங்டனுக்குத் திரும்ப 250 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். “அப்படியே நமீபியாவுக்கும் ஒரு எட்டு போய் வரலாம்” என்று அவர் ஆசை காட்டினால் அதற்கும் தலையாட்டாதீர்கள். அது வேறு நாடு. அங்கே இறக்குமதி அனுமதி, அரசு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்று எல்லாம் நிஜமாகவே கேட்பார்கள். அவசரத்தில் ஓடி முடிக்கிற வேலை இல்லை.

சரி, வெயிலுக்கு வருகிறேன். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். ஜனவரியில் அப்பிங்டனில் சாதாரணமாக 36 டிகிரி அடிக்கும், 40ஐத் தாண்டுகிற நாளும் உண்டு. பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நிறுத்தி வைத்த வண்டிக்குள் வெளியே 24 டிகிரி இருந்தாலே அரை மணி நேரத்தில் 40ஐத் தாண்டிவிடும். மோட்டார்ஹோமுக்கு முன்கண்ணாடி வேறு அகலம். கடைக்குப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வருகிறோம் என்று பூட்டிவிட்டுப் போகிறவர்களின் பூனைதான் என் மேசைக்கு வருகிறது.

“ஏசி ஓடுமே டாக்டர்” என்பீர்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். முன்னால் டாஷ்போர்டில் இருக்கும் ஏசி எஞ்சின் ஓடினால்தான் ஓடும். கூரையில் இருக்கும் ஏசிக்கு முகாமிடத்தின் பிளக் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் வர வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் வேண்டும். ஆக, முகாமில் வண்டியை பிளக்கில் மாட்டி, ஏசி போட்டு, பூனையை உள்ளே விட்டுப் போகலாம், ஆனால் உங்கள் இருவரில் ஒருவர் கண்ணெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும். ஏன் என்றால் மின்சாரம் போய்விடும். லோட்-ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு முன்னைவிடக் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் முனிசிபாலிட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் யார் உங்களுக்குத் தகவல் சொல்வார்கள்? முகாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் கெட்டில் போட்டாலே டிரிப் ஆகிவிடும். ஏசி நின்றுவிட்டது என்று பூனையால் போன் பண்ண முடியாது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், வாடகை வண்டிகளில் இருப்பவை பெரும்பாலும் விளக்குக்கும் சார்ஜருக்கும்தான், ஏசியை இழுக்காது.

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. நாய் அப்படி இளைப்பது சகஜம், பூனைக்குச் சகஜம் இல்லை. உடனே குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறி, அந்த ஈரத்தோடே டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் வைக்காதீர்கள். பயணத்தில் அழுகிறதே என்று பானடோ (பாராசிட்டமால்) கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். வழியில் பண்ணைக் கடைகளில் விற்கும் நாய் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருக்கலாம், அதுவும் பூனைக்கு விஷம். தூக்கத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் கிளம்பும் முன் உங்கள் டாக்டரே எழுதித் தரட்டும்.

அப்புறம் கதவு. முகாமில் கதவைத் திறந்த நொடியில் பூனை பாய்ந்துவிடும். அந்தப் பக்கம் மஞ்சள் கீரிகள் அதிகம், ரேபிஸ் அவற்றிடமும் சுற்றுகிறது. கேப் நாகமும் உண்டு. பயமில்லாமல் கிட்டே வருகிற கீரியைப் பார்த்தால் ஒதுங்குங்கள், அது பூனையைக் கடித்தாலோ உங்களைக் கடித்தாலோ காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். கதவைத் திறக்கும் முன் பூனையைக் கூண்டில் போட்டுவிடுகிற பழக்கம் இருவருக்கும் வேண்டும்.

ஆக, என் யோசனை: ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழா முடிந்ததும் மே மாதம் கிளம்புங்கள். பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி நல்ல குளிர், அதற்குப் போர்வை போதும். வண்டிக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஆளையும் கொல்லும். டர்பனிலிருந்து அப்பிங்டன் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுங்கள். ககமாஸ், கெய்மூஸ் பக்கம் ஆரஞ்சு ஆற்றங்கரையில் இருக்கும் தனியார் முகாம்களிடம் பூனைக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து அகரபீஸ் அருவி பக்கம்தான், டாக்ஸியையோ வாடகைக் காரையோ எடுத்து ஒருநாள் நீங்கள், மறுநாள் உங்கள் கணவர் என்று முறை வைத்துப் போய்ப் பாருங்கள். கலகாடிக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஜனவரியில்தான் என்றால் பூனை வீட்டிலேயே இருக்கட்டும், தெரிந்தவர் யாராவது தினமும் வந்து சோறு வைத்தால் அதற்கு அதுவே நிம்மதி.

மோட்டார்ஹோம் ஒப்பந்தத்தையும் நீங்களே படியுங்கள். பலவற்றில் பிராணிகளுக்குத் தடை இருக்கும், மண் சாலைக்கும் தடை இருக்கும். “சொல்லாமல் ஏற்றிவிடுங்கள்” என்று ஏஜென்ட் சொன்னால் டெபாசிட் உங்களுடையது, அவருடையது அல்ல. கட்டிய பணத்துக்கு: பூங்காவிலேயே மின்னஞ்சலில் கேட்டு, பூனைக்கு அனுமதி இல்லை என்ற பதிலை வாங்கி, அதை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். போனில் பேசாதீர்கள், எழுத்தில் மட்டும். தரவில்லை என்றால் அந்த எழுத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள்.