வார்ம் மிஸ்ட் ஹியூமிடிஃபையரில் வெள்ளையாகப் படிகிறது, தூக்கி எறிந்துவிடலாமா?

கேள்வி: "வாங்கிச் சில வாரங்களே ஆன வார்ம் மிஸ்ட் ஹியூமிடிஃபையரின் உள்ளே வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிட்டது. கொதிக்கும் சத்தமும் கூடிவிட்டது. மட்டமான பொருளை வாங்கி ஏமாந்துவிட்டேனா? குளிர்ந்த புகை வரும் அல்ட்ராசோனிக் வகைக்கு மாறிவிடலாமா?"

எறியாதீர்கள். வார்ம் மிஸ்ட் என்பது தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் வறண்ட அறைக் காற்றை ஈரமாக்கும் கருவி. நீங்கள் குறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. இதே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் முன்பும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வந்து "அல்ட்ராசோனிக் வாங்குங்கள், படிவே வராது" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போவார். எல்லோரும் அதற்கே தலையாட்டுவார்கள். எனக்கு அதைப் படித்தால் பொறுக்காது.

நான் மருத்துவன் அல்ல, பொறியாளனும் அல்ல, எந்த நிறுவனத்தின் பொருளையும் விற்பவனும் அல்ல. வறண்ட காற்றில் மூக்கு வெடித்து ரத்தம் கசியும் அம்மா வீட்டில் இருக்கிறார். குளிர்காலம் முழுவதும் இந்தக் கருவியைக் கழுவுவது என் வேலை. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டில் வருவது கடின நீராக இருக்க வேண்டும். அதில் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். சூடாக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட, கால்சியம் கார்பனேட் கெட்டியாக அடியில் தங்குகிறது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு ஆவியாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 4 லிட்டர் ஓடினால் 800 மில்லிகிராம். ஒரு மாதத்தில் 24 கிராம். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. வார்ம் மிஸ்ட் வகையில் அது கருவிக்குள்ளேயே தங்கி உங்கள் கண்ணில் படுகிறது. அல்ட்ராசோனிக் வகையில் ஒரு சிறு தகடு மிக வேகமாக அதிர்ந்து தண்ணீரைத் துளித்துளியாகச் சிதறடிக்கிறது. அந்தத் துளியோடு உப்பும் வெளியே வருகிறது. துளி காய்ந்ததும் உப்பு காற்றில் மிதக்கிறது. அதே 24 கிராமில் பெரும்பகுதி உங்கள் மேசையிலும் திரைச்சீலையிலும் படிகிறது. மூச்சோடும் உள்ளே போகிறது. "படிவே வராது" என்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

இது புத்தகத்தில் படித்து ஒப்பிப்பது அல்ல. என் அக்காவின் கணவர் வீட்டில் நேரிலேயே பார்த்தது. அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது இந்தக் கருவியைத்தான். "தம்பி, வீட்டுக்குள் பாய்லர் வைத்திருக்கிறாயே, வெடித்துவிடாதா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அவர் வீட்டில் இருப்பது நீல விளக்கு எரியும் அல்ட்ராசோனிக். சத்தமே இல்லை, பார்க்கவும் அழகு. கூடவே ஒரு காற்றுச் சுத்திகரிப்பானும் வைத்திருந்தார். இரவானால் அந்தச் சுத்திகரிப்பான் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முழு வேகத்தில் இரையும். ஃபில்டரை மாற்றினார். சேவை மையத்தோடு சண்டை போட்டார். வேறு சுத்திகரிப்பானை வரவழைத்தார். அதுவும் சிவப்பு. "ஊர்க் காற்றே கெட்டுவிட்டது" என்று முடிவுக்கு வந்தார். அக்கா மட்டும் தினமும் தொலைக்காட்சித் திரையிலிருந்தும் புத்தக அலமாரியிலிருந்தும் மாவு போன்ற வெள்ளைத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு இரவு காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் பாருங்கள் என்றேன். அத்தான் கேட்கவில்லை. அக்கா அவருக்குத் தெரியாமல் ஊற்றிவிட்டாள். அன்று இரவு சுத்திகரிப்பான் முனகக்கூட இல்லை. மறுநாள் குழாய் நீரை ஊற்றினாள், மீண்டும் சிவப்பு. சுத்திகரிப்பானில் இருக்கும் நுண்துகள் உணரிக்கு உப்புத் தூளும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். அத்தானிடம் சொன்னபோது "அப்படியென்றால் தண்ணீரில்தான் கோளாறு, மெஷினில் இல்லை" என்றார். அக்காவுக்காக அத்தோடு விட்டுவிட்டேன்.

அல்ட்ராசோனிக் ரசிகர்கள் பாய்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். காய்ச்சி வடித்த நீரையோ ஆர்.ஓ. நீரையோ தவறாமல் ஊற்றி, தினமும் கழுவிவந்தால் அதுவும் நல்ல கருவிதான். அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. திரியும் விசிறியும் வைத்த மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதில் உப்பு திரியிலேயே தங்கிவிடும். திரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். உண்மைதான், இது மின்சாரம் குடிக்கும். 1 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் தேவை. எந்த நிறுவனம் செய்தாலும் இது குறையாது, இயற்பியல் அப்படி. 4 லிட்டருக்கு 3 யூனிட் அளவுக்கு வந்துவிடும். அல்ட்ராசோனிக் அதில் மிகச் சிறு பங்கையே எடுக்கும். ஆனால் குளிர்ந்த துளி ஆவியாவதற்கான வெப்பத்தை அறைக் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மின்ஹீட்டரால் சூடேற்றும் அறையில் அந்த இழப்பை ஹீட்டர் ஈடுகட்ட வேண்டும். ஆகவே கடைசிக் கணக்கில் வித்தியாசம் அவர்கள் சொல்லும் அளவுக்கு இராது. ஏசி ஓடும் அறையில் வார்ம் மிஸ்ட் வைப்பது மட்டும் வீண் செலவு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இப்போது உங்கள் படிவுக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறும்வரை பொறுங்கள். கொதிகலத்தில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, சூடாக்கும் பகுதி மூழ்கும் அளவுக்கு வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழி கிளம்பும். கார்பனேட் கரைகிறது என்று பொருள். குமிழி அடங்கிய பிறகும் வெள்ளை இருந்தால் பழைய வினிகரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் சிட்ரிக் அமிலத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றலாம். நான் அதைத்தான் செய்கிறேன். வேகமாகக் கரையட்டும் என்று வினிகரோடு கருவியை ஓடவிடாதீர்கள். அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கத்தி, திருப்புளி, கம்பி நார் எதுவும் வேண்டாம். சூடாக்கும் தகட்டின் மேற்பூச்சு கீறப்பட்டால், அடுத்த படிவு அந்தக் கீறலில்தான் முதலில் பற்றிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். மின்பாகம் இருக்கும் அடித்தளத்தைக் குழாயடியில் காட்டவே கூடாது.

மிதவையை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் தீர்ந்ததும் கருவியை நிறுத்துவது பல மாடல்களில் ஒரு சின்ன மிதவைதான். அது சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டால், தண்ணீர் இருக்கும்போதே "தண்ணீர் ஊற்று" என்று விளக்கு எரியும். அல்லது தண்ணீர் இல்லாதபோதும் நிற்காமல் ஓடும். இரண்டாவதுதான் ஆபத்து. "பழுதாகிவிட்டது" என்று குப்பைக்குப் போகும் கருவிகள் பலவற்றில் இந்த மிதவையைத் தவிர வேறு எதுவும் பழுதாகியிருக்காது என்பது என் சந்தேகம்.

படிவையே குறைக்க ஒரு வழி உண்டு. காலையில் கொதிகலத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். அது வெறும் தண்ணீர் அல்ல. இரவு முழுவதும் ஆவியானதன் உப்பெல்லாம் சேர்ந்து செறிந்த நீர். அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் கெட்டிப்படாமல் என்ன செய்யும்? ஆலைப் பாய்லர்களில் இதே காரணத்துக்காகத்தான் அடித்தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுகிறார்கள், புளோடவுன் என்பார்கள். அத்தான் "பாய்லர்" என்று கேலி செய்ததில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இன்னொரு பக்கம், "இதில் தண்ணீர் கொதிக்கிறதே, கிருமி ஏது, கழுவவே வேண்டாம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொதிப்பது அந்தச் சிறு கலத்தில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான். மேலே தொட்டியில் இருப்பது கொதிப்பதில்லை. அங்கே வழவழப்பு பிடிக்கும், நாற்றமும் வரும். தினமும் காலி செய்து, துடைத்து, மூடியைத் திறந்து காயவிட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுக் கிருமிநாசினியைத் தண்ணீரிலேயே கலக்கிற வேலை மட்டும் வேண்டாம். தென்கொரியாவில் 1994 முதல் 2011 வரை ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினி விற்றார்கள். அதை மூச்சில் இழுத்த கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நுரையீரல் கெட்டுப் பலர் இறந்தார்கள். 2011இல்தான் காரணம் தெரிந்து விற்பனையை நிறுத்தினார்கள். வினிகரும் பிளீச்சும் ஒன்றாகச் சேரவும் கூடாது. குளோரின் வாயு வரும். தைலம் ஊற்றுவதானால், கருவியில் அதற்கெனத் தனிக் கிண்ணம் இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியில் ஊற்றினால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்துவிடும்.

காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் படிவு வராது என்பது சரி. ஆனால் உங்களுடையது எலக்ட்ரோடு வகையா என்று முதலில் பாருங்கள். வேப்பரைசர் என்று விற்கும் சில எளிய ஆவிக் கருவிகளில் ஹீட்டரே இருக்காது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே தண்ணீர் வழியாகவே மின்சாரம் பாய்ந்து அதைச் சூடாக்கும். அவற்றில் உப்பே இல்லாத நீரை ஊற்றினால் ஆவி வராது.

ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதில் எனக்கு ஒரு பழைய கணக்குத் தீராமல் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 30 முதல் 50 சதவீதம் வரை போதும் என்கிறது. நான் 40ஐ ஒட்டி வைத்திருப்பேன். முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு சுவர் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டு உரிமையாளர் ஹியூமிடிஃபையரைப் பார்த்ததுதான் தாமதம், "எல்லாம் இதனால்தான்" என்று சொல்லிவிட்டார். நான் ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரைக் காட்டினேன். அந்த மீட்டரையே நம்ப முடியாது என்றார். சரி என்று அவர் கண்ணெதிரிலேயே சோதித்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் வைத்தால், பல மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைக்கும். என் மீட்டர் 72 காட்டியது. காட்டுவதோடு 3 சேர்த்துப் படித்தால் போதும். அப்படிப் படித்தாலும் அறை 50ஐத் தாண்டவில்லை. மேலும் கறுத்தது குளியலறையை ஒட்டிய சுவர். கருவி இருந்ததோ அடுத்த அறையில். கோடையில் கருவி பரணில் கிடந்தபோதும் கறை வளர்ந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் குழாய் பழுதுபார்ப்பவர் வந்து சுவரை உடைத்ததும் உள்ளே இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் காலி செய்யும்போது வண்ணப்பூச்சுச் செலவை என் முன்பணத்திலிருந்துதான் கழித்தார்! எனக்குப் பின் வந்தவரிடமும் அதே சுவருக்காகப் பிடித்தாராம். சுவர் வீட்டு உரிமையாளருடையது, கசிவு மட்டும் வாடகைக்கு இருப்பவனுடையது போலும். இதைக் கேட்க ஆளில்லை.

அதற்காக, கருவியால் பூஞ்சையே வராது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவில்லாமல் ஓடவிட்டால் கண்டிப்பாக வரும். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆவி பிடித்தால் சளி குணமாகும் என்று நம்பி வாங்கியிருந்தாலும் ஏமாறுவீர்கள். சூடான ஈரக்காற்றால் சளிக்கு உறுதியான பலன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வறண்ட மூக்கு, காய்ந்த தொண்டை, வெடித்த உதடு இவற்றுக்கு இதமாக இருக்கும். எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

வீட்டில் தவழும் குழந்தையோ, எதையும் இழுத்துப் பார்க்கும் வயதுப் பிள்ளையோ இருந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் பொருட்படுத்தாமல் இந்த வகையைக் கைவிடுங்கள். உள்ளே இருப்பது கொதிநீர். வயரை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே கொட்டிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமியும் குழந்தைகள் அறைக்குக் குளிர்ந்த வகையைத்தான் பரிந்துரைக்கிறது. அங்கே என் வாதம் செல்லாது.

மற்றபடி, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியதும் அந்தச் சத்தம் பெரும்பாலும் தணிந்துவிடும். சூடேறும் தகட்டின் மேல் சுண்ணாம்பு ஏடு கட்டினாலே இரைச்சல் கூடும். தகடு பளிச்சென்று ஆன பிறகும் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தானாக நின்றுவிடுகிறது என்றால், அதிக வெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சில் பழுது இருக்கலாம். அதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ரசீதோடு கொண்டுபோய்ப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.