அமுச்சி சொன்ன கதைக்கு ஆதாரம் வேண்டுமா?

கேள்வி: தீரன் சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டையை வெள்ளைக்காரன் இடித்த கதையை எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லுவார். ஆதாரமில்லாத அதை எழுதி வைக்கலாமா?
– வாசகி, அரச்சலூர்

பதில்: உடனே எழுதுங்கள் அம்மணி. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பலரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 1832-இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, தள்ளாத கிழவர்கள் நீதிமன்றம் ஏறி, எந்தத் தளபதியிடம் இருந்தோம், எந்த ஊரில் சண்டை, எத்தனை மாதம் என்று வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள், அந்தத் தாள்கள்தான் இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொக்கிஷமாக இருக்கின்றன. அமுச்சி சொல்வதில் ஞாபகப் பிசகு இருந்தாலும் சரி, திருத்தாதீர்கள். போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம், அமுச்சிக்கு அதைச் சொன்னது யார் என்று கட்டாயம் கேளுங்கள். சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-இல், நடுவில் எத்தனை வாய் மாறி வந்தது என்பது அதில்தான் தெரியும்.